வளைகாப்புக்கு வந்த தூசு

என் தங்கை ஜான்சிக்கு முதல் குழந்தை செத்துப் பிறந்தது. எட்டாம் மாதம். ஒரு நாள் முழுக்க அசையாமல் இருந்தது, மறுநாள் எடுத்துவிட்டார்கள். காரணம் சொல்லும்போது டாக்டரம்மா மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உங்க ஏரியா காத்து அப்படிம்மா." எங்கள் பரம்பரையில் ஓடும் வியாதியைச் சொல்வது மாதிரி. அவள் இரண்டாவது உண்டானபோது அதே டாக்டரம்மா, "பிரசவம் ஆகிறவரைக்கும் இவளை எங்கேயாவது கூட்டிட்டுப் போயிடுங்க" என்றார்.

எங்கேயாவது. சொல்வதற்கு எவ்வளவு சுலபமான வார்த்தை!

தென்சென்னையில் வீடு தேடிப் பாருங்கள், தெரியும். பெயரைக் கேட்பார்கள். சொந்த ஊரைக் கேட்பார்கள். கறி, மீன் உண்டா என்பார்கள். கடைசியில், "யோசிச்சு சொல்றோம்." யோசித்துச் சொன்னவர் ஒருவரும் இல்லை. சாந்தி நிவாஸ் அடுக்குமாடியின் செயலாளர் கோபிநாத் சாரும் அப்படித்தான் ஆரம்பித்தார். என் அடையாள அட்டையைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"விசிறி ஆபீஸா? அடடா! உங்களாலதானேம்மா நாங்க மூச்சு விடுறோம்."

உண்மைதான். எங்களால்தான் அவர்கள் மூச்சு விடுகிறார்கள். அவர் சொன்ன 'உங்கள்' எங்கள் அலுவலகம்; நான் நினைத்துக்கொண்ட 'எங்கள்' எங்கள் தெரு.

விசிறி என்பது ஜனங்கள் வைத்த பெயர். ஊர் முழுக்க நட்டிருக்கும் உயரமான தூண்கள். பனிக்காலத்தில் சென்னைக்கு மேல் பானைக்கு மூடி போட்டதுபோல் காற்று அடைத்துக்கொள்ளும். புகையும் நுண்தூசும் மேலே போக வழியில்லாமல் தெருவிலேயே நிற்கும். அந்தத் தூசை அழிக்க இன்றுவரை யாராலும் முடியவில்லை. தள்ளத்தான் முடிகிறது. தூண்கள் அதற்கு மின்னூட்டம் கொடுத்து, ஒன்று தள்ள இன்னொன்று வாங்கி, ஆட்டு மந்தையை ஓட்டுவது மாதிரி ஓட்டும். எங்கே ஓட்டுவது என்று தீர்மானிப்பது எங்கள் அலுவலகத்துக் கம்ப்யூட்டர். அதற்கு ஒரே கட்டளை: சாவு குறைய வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருபது வருடத்து வரைபடங்களை வரிசையாக ஓட்டிப் பார்த்தேன். காற்று எந்தத் திசையில் அடித்தாலும், எந்தக் கட்சி ஆண்டாலும், தூசு கடைசியில் வந்து படுக்கும் இடம் ஒன்றுதான். வடக்கே, நாங்கள் பிறந்து வளர்ந்த கொட்டாய்க்குப்பம் பக்கம். நேராக ஹேமலதா மேடத்திடம் போய்க் கேட்டேன். விசிறியின் கணக்கை எழுதியவர் அவர்தான்.

"ஏன் மேடம் எப்பவும் எங்க பக்கமே தள்ளுது?"

மேடம் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். கெட்டவராக இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும்.

"உட்காரு நிரோஷா. சுத்தமான காத்து இருக்கிற இடத்துல கொஞ்சம் தூசு ஏறினாலும் சாவு சட்டுனு ஏறும். வருஷக்கணக்கா தூசு தின்ன இடத்துல அதே அளவைக் கொட்டினா அவ்வளவு ஏறாது. கிராஃப்ல சாவுக் கோடு மேல போகப் போகப் படுத்துடும். வெள்ளை வேட்டியில ஒரு சொட்டு காபி பட்டா பளிச்சுனு தெரியும். கரி சுமக்கிறவன் வேட்டியில பட்டா தெரியுமா?"

"எங்கப்பா கரி லாரிக்கு லோடு ஏத்துனவர் மேடம்."

"ஐயோ, ஒரு உதாரணத்துக்குச் சொன்னேம்மா."

"தெரியுது. வேற வழியே இல்லையா?"

"இதைவிடக் கம்மியா சாவு வர்ற மாதிரி ஒரு கணக்குப் போட்டுக் காட்டு. நாளைக்கே மாத்திடறேன்."

போட்டுப் பார்த்தேன். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். வரவில்லை. மேடத்தின் கணக்கு சரி. எனக்குப் பயம் பிடித்தது அன்றைக்குத்தான். தப்பான கணக்கென்றால் சண்டை போடலாம். சரியான கணக்கை எதிர்த்து என்ன பண்ணுவது? எங்கள் தெருவை மாற்ற முடியாது, தங்கையையாவது மாற்றலாம் என்று டாக்டரம்மா சொன்ன அன்று முடிவு செய்தேன்.

பொங்கலை ஒட்டி ஒரு வாரம் லீவு போட்டு ஜான்சியை சாந்தி நிவாஸுக்குக் கூட்டிவந்தேன். எங்களுக்கு அம்மா, அப்பா இல்லை. தாய்வீடு என்றால் அவளுக்கு நான்தான். வந்த மறுநாளே அவள் முகத்தில் ரத்தம் ஊறியது. "யக்கா, உள்ள ஃபுட்பால் ஆடுது. கைய வச்சுப் பாரேன்" என்று என் கையைப் பிடித்து வயிற்றில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் வளைகாப்புப் பேச்சு வந்தது. முறைப்படி மாப்பிள்ளை வீட்டில் செய்து, பிறகுதான் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். ஒரு மணி நேரத்துக்குக்கூட அவளைத் திருப்பி அனுப்ப மாட்டேன் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். ஜான்சியின் மாமியார் பச்சையம்மா போனில் கத்தினார்.

"போன தபா நாலு பேர வச்சு வளையல் அடுக்குனோம், என்னாச்சு? இந்தத் தபா தெரு பொம்பளைங்க அத்தினி பேரும் வந்தாகணும்."

"வாங்க அத்தே. எல்லாரும் இங்கயே வாங்க. மாடியில ஹால் இருக்கு."

வரச் சொன்னது நான்தான்.

தை முதல் ஞாயிறு. ஜான்சியின் புருஷன் டில்லிபாபு கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். முதலாளியிடம் கேட்டு அந்த பஸ்ஸையே எடுத்து வந்துவிட்டான். தெரு மொத்தமும் அதிலிருந்து இறங்கியது. தாம்பாளம், வளையல் மூட்டை, அண்டா அண்டாவாக புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு. பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பாததால் அடுக்குமாடியில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. மீதிப் பேர் கதவைக் கொஞ்சமாகத் திறந்து பார்த்தார்கள்.

"இன்னாடி இது, லிஃப்ட்ல ஏறினா காது அடைக்குது" என்றார் பச்சையம்மா அத்தை. மீன் விற்ற குரல், ஹாலே அதிர்ந்தது.

"காதா? உனக்கா? உன் சத்தத்துக்கு லிஃப்ட்டுக்குத்தான் காது அடைச்சிருக்கும்" என்றாள் எதிர்வீட்டு சரசு.

"ஏய், வாயை மூடிக்கினு சந்தனத்தைக் கரைடி."

சரசு ஜன்னல் ஓரம் போய் மூக்கை உறிஞ்சினாள். "இங்க காத்துக்கு ஒரு வாசனையும் இல்லியே. எப்படி நிரோஷா தூங்குறீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாடி ஜன்னலில் கடல் நீலமாகத் தெரிந்தது. ஜான்சியை மணையில் உட்காரவைத்து ஒவ்வொருத்தியாகக் கன்னத்தில் சந்தனம் பூசி, வளையல் அடுக்கினார்கள். முழங்கைவரை கண்ணாடி. அவள் கையை ஆட்டினால் ஹாலே சலசலத்தது.

ஆரத்தி எடுத்து முடித்து இலை போடும் நேரம். தண்ணீர் பாட்டில் எடுக்கத் திரும்பினேன். ஜன்னலில் கடல் இல்லை.

கடல் இருந்த இடத்தில் பழுப்பாக ஒரு சுவர். சுவருக்கு முன்னால் இருந்த தென்னை மரங்கள் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாக மங்கின. நாக்கில் இரும்பு ருசி. அந்த ருசி எனக்குத் தெரியும். அதை நக்கித்தான் நான் வளர்ந்தேன். இந்தப் பக்கத்தில் அது வரக்கூடாது. வரவே முடியாது.

பெண்கள் யாரும் கவனிக்கவில்லை. அவர்களுக்கு அது வெறும் காற்று. சரசுதான் தலையைத் தூக்கி, "அட, இப்பதான் நம்மூரு மாதிரி கீது" என்று சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினாள்.

ஜன்னல்களைச் சாத்திக்கொண்டே போனைத் திறந்தேன். அலுவலக வரைபடத்தில் ஊர் முழுக்கச் சிறுசிறு கட்டங்கள். சாந்தி நிவாஸ் இருக்கும் கட்டம் மட்டும் கறுப்பு. சுற்றிலும் இருக்கும் தூண்கள் எல்லாம் இந்த ஒரு கட்டத்தைப் பார்த்துத் தள்ளிக்கொண்டிருந்தன.

"யக்கா." ஜான்சி என் புடவையைப் பிடித்து இழுத்தாள். குரல் தாழ்ந்திருந்தது, மற்றவர்களுக்குக் கேட்கக் கூடாதென்று. "காலையிலிருந்து உதைச்சிக்கினே இருந்துச்சு. இப்ப அசையல."

அவள் முகத்தைப் பார்த்தேன். போன முறையும் இதே முகம்தான். மாடிப்படிக்கு ஓடிப்போய் மேடத்தைப் போனில் கூப்பிட்டேன்.

"மேடம், விசிறி கெட்டுப்போச்சு. நான் இருக்கிற இடத்துல கொட்டுது."

"ஒரு நிமிஷம்." கீபோர்டு தட்டும் சத்தம். "கெட்டுப்போகலையே. நீ லீவ்ல மெயில் பார்க்கலையா? போன திங்கட்கிழமையிலேர்ந்து புதுக் கணக்கு. இப்ப இடத்தைப் பார்க்கிறதில்ல. ஆளைப் பார்க்கிறோம்."

"ஆளைன்னா?"

"உங்க பக்கத்து ஜனம் பகல்ல வேலைக்கு இந்தப் பக்கம்தானே வருது? விலாசத்தை வச்சுக் கணக்குப் போட்டா தப்பா வருது. அதனால போனையும் காப்பீட்டு அட்டையையும் சேர்த்தோம். யார் நுரையீரல்ல எத்தனை வருஷத் தூசு இருக்குன்னு தெரியும். ஒரு கட்டத்துல இருக்கிறவங்களோட சராசரியைப் பார்க்கும். உன் கட்டத்துல இப்ப... அடேயப்பா, என்ன அங்கே, மாநாடா?"

"என் தங்கச்சி வளைகாப்பு."

கீபோர்டு சத்தம் நின்றது.

"அப்போ நாங்க எங்க போனாலும் தூசு எங்களைத் தேடி வருமா மேடம்?"

"தேடியெல்லாம் வரலம்மா. அப்படிச் சொல்லாதே. சேதம் குறைவா இருக்கிற இடத்துக்குப் போகுது. ஒண்ணு ரெண்டு பேருன்னா சராசரியில கரைஞ்சிடும். கூட்டமா இருந்தாத்தான் இழுக்கும்."

"வயித்துல ஒரு உயிர் இருக்கு. அதோட நுரையீரல்ல ஒரு தூசும் இல்ல. அதை எந்தச் சராசரியில சேர்த்தீங்க?"

"பொறக்காததுக்குக் கணக்குல இடம் இல்ல நிரோஷா. உனக்கே தெரியும்."

"பழைய கணக்குக்கு மாத்துங்க."

"குழு கூடணும். அடுத்த மாசம்தான் கூட்டம். நீ இப்போதைக்குக் கூட்டத்தைக் கலைச்சிடு. கொஞ்ச நேரத்துல சரியாயிடும்."

கூட்டத்தைக் கலைச்சிடு. போலீஸ்காரர்கள் எங்கள் தெருமுனையில் சொல்கிற அதே வார்த்தை.

திரும்பினால் கோபிநாத் சார் மாடிப்படியில் முகமூடியோடு நின்றுகொண்டிருந்தார். புகார் சொல்ல வந்தவர், நான் பேசியதைக் கேட்டிருக்கிறார். "இவங்க வந்ததாலதான் இதுவும் வந்ததாம்மா?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு இரண்டு அடி பின்னால் நகர்ந்தார். அந்த இரண்டு அடி என் தாத்தாவுக்குத் தெரியும். அவருடைய அப்பாவுக்கும் தெரியும். நான் படித்துப் பட்டம் வாங்கியது அதை ஒழிக்கத்தான் என்று நினைத்திருந்தேன். இப்போது அதை ஒரு கம்ப்யூட்டர் கணக்கோடு நிரூபித்துக் கொடுத்துவிட்டது.

ஹாலுக்குள் போனேன். இலையில் உட்கார்ந்திருந்தவர்களிடம் எப்படிச் சொல்வது? சுற்றி வளைக்க எனக்கு வராது. சொல்லிவிட்டேன். எங்கள் மேடம் போட்ட புதுக் கணக்கில் தூசு நம்மைப் பார்த்து வருகிறது, நம் நெஞ்சில் இருப்பதைப் பார்த்து வருகிறது, நாம் சேர்ந்து இருந்தால் வரும், பிரிந்து போனால் போய்விடும் என்று.

பிசைந்த சோறு பிசைந்தபடி நின்றது. சரசு தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தாள். கழுத்தில் பல்லி விழுந்தவள் மாதிரி.

பச்சையம்மா அத்தைதான் முதலில் எழுந்தார். "எழுந்துருங்கடி. சோத்தைப் பொட்டலம் கட்டுங்க. புள்ளதான் முக்கியம்." அப்புறம் என்னிடம் வந்து கேட்டார்: "பிரசவத்துக்கு நான் வரலாம்ல?"

"ஒருத்தர் வரலாம் அத்தே. ஒருத்தர்னா ஒண்ணும் ஆகாது."

"ஆஸ்பத்திரியில மத்தவளுங்க இருப்பாளுங்களே."

"எந்த மத்தவங்க?"

"நம்ம பக்கத்து வயித்துக்காரிங்கள எல்லாம் டாக்டரம்மா இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குத்தானே அனுப்புது? வார்டு முழுக்க நம்மாளுங்கதான். அங்க வராதா அது?"

நான் யோசிக்கவே இல்லை. பிரசவ வார்டு. வரிசையாகக் கட்டில்கள். ஒவ்வொரு கட்டிலிலும் தூசு தின்ற ஒருத்தி. சுற்றியிருக்கும் தூண்கள் எல்லாம் அந்த ஜன்னலைப் பார்த்து மெல்லத் திரும்புகின்றன.

"வரும் அத்தே."

"நாங்க எங்க கூடுனாலும் வரும்."

"வரும்."

"யாரு வூட்டு வாசல்ல குந்திக்கினாலும்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் சாதாரணமாக ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உங்க மேடம் வூடு எங்கடி?"

நவராத்திரிக்கு ஒருமுறை கொலு பார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார் மேடம். பெரிய கேட். கேட்டுக்கு முன்னால் புல் தரை. அவருடைய சின்னப் பெண் எனக்குச் சுண்டல் கொடுத்தாள். எல்லாம் ஞாபகம் வந்தது. வந்த பிறகுதான் விலாசத்தைச் சொன்னேன்.

பஸ் போனது. வரைபடத்தில் கறுப்புக் கட்டம் கொஞ்ச நேரம் எங்கள் மேலேயே நின்றது. பிறகு நகர்ந்தது. சாலை சாலையாக, சிக்னல் சிக்னலாக, ஒரு நாய் எஜமானி பின்னால் போவது மாதிரி பஸ்ஸின் பின்னால் போனது. அப்புறம் ஓர் இடத்தில் நின்றது. நின்று, கறுத்தது. ஜன்னலில் தென்னை மரங்கள் திரும்பி வந்தன. ஜான்சி எங்கள் வீட்டுக் கட்டிலில் இடதுபுறம் ஒருக்களித்துப் படுத்து, வயிற்றில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். வளையல்கள் சத்தம் போடக்கூடாதென்று கையை அசைக்காமல் வைத்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாலும் அந்த வார்டில் இதே தூசுதான். குழந்தை அசையவில்லை.

போன் அடித்தது.

"நிரோஷா, எங்க கேட் வாசல்ல ஒரு பஸ் நிக்குது. புல்தரையில பொம்பளைங்க உட்கார்ந்து சாப்பிடறாங்க. கேட்டா உன் பேரைச் சொல்றாங்க."

"வளைகாப்புச் சாப்பாடு மேடம். பாதியில கலைக்கச் சொன்னீங்க. எங்கேயாவது உட்கார்ந்து சாப்பிடணும்ல?"

"விளையாடாதே. போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. புளிச்சோறு தின்னாங்கன்னு கேஸ் போடுவாங்களா?"

மேடத்தின் குரலுக்குப் பின்னால் இருமல் கேட்டது. சின்ன இருமல். பழக்கமில்லாத நெஞ்சு இருமும் இருமல். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அப்படி இரும வராது.

ஜான்சி கண்ணைத் திறந்தாள். "யாருக்கா இருமுறது?"

"மேடத்தோட பொண்ணு."

"சின்னப் புள்ளையா?"

அவளுக்கு இருமல் கேட்காதபடி போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அத்தையைக் கிளம்பச் சொல்லுக்கா."

"இரு."

"யக்கா! அதுவும் புள்ளதானே?"

"இருடீ!" என்று கத்தினேன். ஒரு பிள்ளைக்கு எதிராக இன்னொரு பிள்ளையை வைத்து, இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். விசிறி செய்வதையே நானும் செய்துகொண்டிருந்தேன், அதுவும் நன்றாகவே.

"மேடம், குழு வேண்டாம். கணக்கை மாத்த உங்க விரல் ரேகை போதும்னு எனக்குத் தெரியும். பழைய கணக்குக்கு மாத்துங்க. மாத்துற நிமிஷமே பஸ் கிளம்பிடும்."

"பழையதுக்குப் போனா தூசு எங்கே போகும்னு தெரியும்ல?"

"தெரியும்."

"உங்க தெருவுக்கு. மறுபடியும். இன்னைக்குச் சேர்ந்தது மொத்தமும்."

"தெரியும்னு சொன்னேன் மேடம். அவங்களுக்கும் தெரியும். ஏறும்போதே சொல்லிட்டுத்தான் ஏறினாங்க."

இருமல். மறுபடி இருமல். அப்புறம் இழுப்பு. கீபோர்டு சத்தம் கேட்டது. மேடம் அழுதாரா என்று தெரியவில்லை, நான் கேட்கவும் இல்லை. வரைபடத்தில் கட்டங்கள் எல்லாம் ஒருமுறை அணைந்து எரிந்தன.

தூண்கள் திரும்ப நேரம் பிடித்தது. நான் கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் மூலையில் கடல் ஒரு கோடாகத் தெரிந்தது. பிறகு பட்டையாக. வெளிச்சம் போக ஆரம்பித்த நேரத்தில் தலைக்கு மேல் வளையல்கள் சலசலவென்று குலுங்கின. திடுக்கிட்டு நிமிர்ந்தேன். ஜான்சி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். என் கையை இழுத்து வயிற்றில் வைத்தாள். உள்ளேயிருந்து ஒரு குதிகால் என் உள்ளங்கையில் இடித்தது. மறுபடியும் இடித்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பச்சையம்மா அத்தை போன் செய்தார். பின்னால் எங்கள் தெருச் சத்தம். குழாயடியில் யாரோ யாரையோ திட்டினார்கள், சரசு எங்கோ இருமினாள். அத்தை பேச வாயெடுத்தார், இருமல் முந்திக்கொண்டது. அது அடங்கும்வரை நான் காத்திருந்தேன்.

"வந்துட்சுடி" என்றார். குரலில் அப்படி ஒரு நிம்மதி. "மொத்தமும் இங்கதான் கீது. பயப்படாதீங்க. ஜன்னலைத் தொறந்து வச்சுட்டுத் தூங்கச் சொல்லு அவளை."